வெறும் பாத்திரம்

ஆம்பூர்,
18.8.2024

அன்புத் தம்பி இருதயராஜுக்கு அக்கா சவுரி எழுதுவது. இங்கே நான், இன்பராஜ், மருமகள் ஷர்மிளா, என் முட்டிவலி நால்வரும் சௌக்கியம். அடிஸ் அபாபாவில் நீயும் உன் அல்சரும் எப்படி இருக்கிறீர்கள்?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஊர் வாயால் உனக்கு வந்து சேர்வதற்குள் என் வாயால் வந்தால் கொஞ்சம் மானம் மிஞ்சும். போன செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளைக்காரர் தங்கியிருக்கும் வீட்டுக் குளியலறையில் மாட்டிக்கொண்டேன். தாழ்ப்பாள் இறுகிவிட்டது. கத்தலாம் என்றால் ஆங்கிலத்தில் கத்த வேண்டும். எனக்குத் தெரிந்தது வாழ்நாள் முழுக்க எல்.கே.ஜி. பிள்ளைகளிடம் பேசிய ஆங்கிலம். வேறு வழியில்லாமல், "மே ஐ கம் அவுட், சார்?" என்று உள்ளேயிருந்து கேட்டேன். அந்த மனிதர் ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து தாழ்ப்பாளையே கழற்றி, "யெஸ், யூ மே" என்றார். அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டை நீட்டினாள். நான் குளிக்கப் போகவில்லை, வீட்டில் தண்ணீர் சரியாக வருகிறதா என்று பார்க்கப் போனேன் என்பதை எந்த ஆங்கிலத்தில் விளக்குவது?

எனக்கு அங்கே என்ன வேலை என்கிறாயா? நீ போன பிறகு சாயங்காலங்கள் நகர மாட்டேன் என்கின்றன. ரிட்டையரான ஹெட்மிஸ்ட்ரஸ் ஜஹீருன்னிசா ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டுக் குடும்பங்கள் இருக்கிறார்களே, கையில் இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஆம்பூர் பஜாரில் ஒரு கொத்தமல்லிக்கட்டு வாங்க முடியாமல் நிற்பவர்கள், அவர்களுக்கு வீடு பார்ப்பது, கேஸ் வாங்கித் தருவது, சமையலுக்கு ஆள் பிடிப்பது, இதெல்லாம் எங்கள் ஊழியம். சம்பளம் கிடையாது. கூட்டம் முடிந்ததும் மசால்வடை உண்டு. அதற்காகத்தான் நான் சேர்ந்தேன் என்று ஷர்மிளா சொல்வது அபாண்டம். வடையோடு டீயும் உண்டு.

இனிதான் விஷயம். தாழ்ப்பாளைக் கழற்றிய துரை என்னை சோபாவில் உட்காரவைத்து டீ கொடுத்து, தன் கதையைச் சொன்னார். பல வருஷம் கெல்மர் கம்பெனியின் இன்ஸ்பெக்டராக இருந்தாராம். அவர்களுக்குப் போகும் ஷூவைச் சோதிக்க ஆம்பூருக்கு அடிக்கடி வந்திருக்கிறாராம். இப்போது உன் பழைய கம்பெனியிலேயே குவாலிட்டி மேனேஜராகச் சேர்ந்திருக்கிறாராம்.

டீ என் புடவையில் கொட்டியது. மூன்று வருஷத்துக்கு முன் கெல்மர் இன்ஸ்பெக்டர் உன் லைனில் நின்று, ஜோடி ஜோடியாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, இங்கே குறை, அங்கே குறை என்று மொத்தச் சரக்கையும் திருப்பியதும், கம்பெனி உன்னை நிறுத்தியதும் எனக்கு மறக்குமா? நீ வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தாய். யார், என்ன என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு கடல் தாண்டிப் போய்விட்டாய். கல்யாணமும் வேண்டாமென்று என் சமையலே கதி என்று கிடந்த பிள்ளை. உன்னை விரட்டியவன் இப்போது உன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான், எனக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிறான்.

உன் கம்பெனிப் புரொடக்ஷன் சத்தார் பாயை வழியில் பிடித்து விசாரித்தேன். "மார்ச் வரைக்கும்தாம்மா காண்ட்ராக்ட். புடிச்சா இருப்பாரு. இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்" என்றார். வேறு ஆள் யாரென்று எனக்குத் தெரியும். துரைக்குப் பிடிக்காமல் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு தன்னார்வலரை ஜஹீருன்னிசா டீச்சரே நியமித்துவிட்டார்கள். நான்தான்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் எடுத்துவிடாதே. ஷர்மிளா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், பழிவாங்குவதை ஸ்பீக்கரில் பேச முடியாது. அங்கும் இங்கும் போய்வரும் நம் ஊர் டெக்னீஷியன்கள் கையில் கடிதமாகவே கொடுத்தனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.
உன் அக்கா,
சவுரியம்மாள்


அடிஸ் அபாபா,
12.9.2024

அன்புள்ள அக்காவுக்கு இருதயராஜ் வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நலம். அல்சர் அடங்கியிருக்கிறது. உன் முட்டிக்கு அந்தப் பச்சைத் தைலத்தையே போடு, டி.வி.யில் வருவதையெல்லாம் வாங்காதே.

நேற்று இங்கே வருஷப் பிறப்பு. மழை விட்டு, மலையெல்லாம் மஞ்சள் பூ. எங்கள் ஃபாக்டரிப் பெண்கள் கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்து மெஷினில் சொருகினார்கள். சாப்பாடு புளித்த தோசை மாதிரி, பழகிவிட்டது. எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

துரை விஷயம். விட்டுவிடு அக்கா. குளியலறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டவரைப் பழிவாங்கினால் அடுத்த தடவை யார் வந்து திறப்பார்கள்? அன்றைக்கு நான் சட்டை கழற்றாமல் படுத்தது காய்ச்சலால்.

இன்பராஜ், ஷர்மிளாவுக்கு என் அன்பு.
தம்பி,
இருதயராஜ்


ஆம்பூர்,
2.10.2024

அன்புத் தம்பிக்கு, அக்கா. எல்லோரும் சுகம். பச்சைத் தைலம் போட்டேன், முட்டி அப்படியே இருக்கிறது, வீடுதான் மணக்கிறது.

காய்ச்சலாம். நானே பிள்ளைகளுக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தவள், என்னிடமா? நீ மன்னிக்கிற ஜாதி, நம் அப்பா மாதிரி. நான் அம்மா மாதிரி. அம்மா பக்கத்து வீட்டுக் கோழியோடுகூடப் பகையை முடிக்காமல்தான் போய்ச் சேர்ந்தாள்.

முதல் காரியம், வீடு. கம்பெனி கெஸ்ட் ஹவுஸிலிருந்து துரையும் அம்மாளும் வெளியே வர வேண்டும், வீடு பார்த்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. நல்ல வீடு மூன்று இருந்தது. நான் நான்காவதைக் காட்டினேன். கல்யாண மண்டபத்துக்கு ஒட்டின சுவர். ஜெனரேட்டர் அவர்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே. ஆவணி முகூர்த்தம் ஒன்று விடாமல் மேளம், பேண்டு, மைக்கில் "மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்." ஒரு வாரத்தில் ஊரைவிட்டு ஓடுவார்கள் என்று காத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனால் அம்மாள் தலையில் கனகாம்பரம். மண்டபத்து மேனேஜர், வெள்ளைக்காரம்மா ஜன்னலில் நின்று பார்க்கிறதே என்று பந்தியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாராம். பேரணாம்பட்டிலிருந்து வந்த ஒரு பெண் வீட்டாரோடு மேடையில் நின்று போட்டோவும் எடுத்தாகிவிட்டது. யாரோ ஒரு மணமக்களின் ஆல்பத்தில் துரை நிரந்தரமாகச் சித்தப்பா ஸ்தானத்தில் நிற்கப்போகிறான். என் மூக்குடைந்தது.

இரண்டாவது காரியம் பலித்தது. சமையலுக்கு எல்லம்மாவை அனுப்பினேன். "காரம் தூக்கலா போடு, அவங்களுக்கு அப்படித்தான் வேணுமாம்" என்றேன்.

"இன்னாம்மா சொல்ற? பாலும் ரொட்டியும் துன்னு வளந்தவங்க. தாங்குவாங்களா?"

"நீ போடேன்."

போட்டாள். துரை படுத்துவிட்டான். கம்பெனி டாக்டர் வந்து ஊசி போடும் அளவுக்குப் படுத்தான். அன்றைக்கு நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன் தம்பி, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாரேன், நோயாளி வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவது குழுவின் வழக்கம், அந்த வாரம் முறை என்னுடையது. விஷம் வைத்தவளே வைத்தியமும் பார்த்தேன். அவன் படுக்கையில் சாய்ந்தபடி கஞ்சியைக் குடித்துவிட்டு, "உங்களுக்குச் சகோதரர் இருக்கிறாராமே, என்ன வேலை?" என்று கேட்டான். திமிரைப் பார்த்தாயா? ஷூ லைன் என்று மட்டும் சொன்னேன். பிறகு வாய் நிற்குமா, உன் கைப்பக்குவம், தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்வது எல்லாவற்றையும் எல்.கே.ஜி. இங்கிலீஷில் கொட்டிவிட்டு வந்தேன். யாரை அழித்தோம் என்று தெரியட்டும்.

இருமல் இருந்தால் சுக்கு போடு.
அக்கா,
சவுரி


அடிஸ் அபாபா,
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு, நலம். அங்கே அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கடிதத்தை ஃபாக்டரி பஸ்ஸில் படித்தேன். கோழி வரும் இடத்தில் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார். மொழிபெயர்க்க முடியவில்லை. நம் தெருவிலிருந்து போன வருஷம் வேலைக்கு வந்து சேர்ந்தானே ஒவைஸ், அவனுக்குப் படித்துக் காட்டினேன். அவனும் சிரித்தான்.

எல்லம்மாவிடம் காரத்தைக் கம்மி செய்யச் சொல். எனக்கும் அல்சர்தான், அந்த வலி தெரியும்.

குளிர் ஜாஸ்தி. இரண்டு கம்பளி போர்த்துகிறேன். வேலை பரவாயில்லை. நீ துரை துரை என்றே எழுதுகிறாய், அவர் பெயர் என்ன?

தம்பி,
இருதயராஜ்


ஆம்பூர்,
3.11.2024

அன்புத் தம்பிக்கு, அக்கா. நான் நலம். உன் குளிரை நினைத்தால் எனக்கு இங்கே காற்றாடி போட மனம் வருவதில்லை. போடுகிறேன், மனமில்லாமல்.

பெயர் காலின். அவள் ஹேசல். பெயர் எதற்கு உனக்கு? ஜெபத்தில் சேர்க்கவா?

எல்லம்மாவிடம் காரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டேன். நீ கேட்டதற்காக இல்லை, வயிற்றுவலிக்கு யாரும் ஊரைவிட்டுப் போவதில்லை என்று புரிந்துகொண்டதற்காக. மனுஷனை ஊர் பிடித்து வைத்திருப்பது வேறு வழியில். எங்கள் குழுவில் புதிதாக வந்தவர்கள் வீட்டுக்கு நாளுக்கு ஒருத்தர் முறைவைத்துச் சாயங்காலம் போவோம், கையில் ஏதாவது ஒரு பாத்திரத்தோடு. பிரியாணி, பாயசம், கத்தரிக்காய்ப் பச்சடி, எது வீட்டில் ஆனதோ அது. அந்தப் பாத்திரம்தான் ஆளை மறுபடி வரவழைக்கும். அது திரும்பி வரும்போது வெறுமனே வராது இல்லையா? ஒன்றுமில்லாவிட்டால் ஒரு வாழைப்பழம், ஒரு பிடி சர்க்கரை. நம் ஊரில் பாய் வீடானாலும் நம் வீடானாலும் இதுதான் முறை. வெறும் பாத்திரத்தை நீட்டினால் இனி வராதே என்று அர்த்தம்.

தீபாவளிக்கு ஹேசல் வீட்டு மேஜை நிறைய எவர்சில்வர். அவள் என்னைப் பார்த்து, "சவுரி, இத்தனையையும் நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது? உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. தப்புச் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்றாள்.

தம்பி, கர்த்தர் சில நேரம் பந்தை நம் மட்டைக்கே போடுகிறார்.

"நன்றாகத் தேய்த்துக் கழுவு. துடைத்துக் காலியாகக் கொடு. உள்ளே ஏதாவது வைத்தால் உங்கள் சாப்பாடு போதவில்லை என்று குத்திக்காட்டுவதாக ஆகும்" என்றேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், என் வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி. கேக் ஒன்று செய்து துண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தாள், பாத்திரங்களில் வைத்துக் கொடுக்க. அதை அலமாரிக்குள் எடுத்து வைத்துவிட்டாள்.

மார்ச்சுக்குள் வேலை முடிந்துவிடும். உன் அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லட்டுமா?

அக்கா,
சவுரி


ஆம்பூர்,
22.12.2024

அன்புத் தம்பிக்கு, கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. வீட்டில் எல்லோருக்கும் ஜலதோஷம், மற்றபடி சுகம்.

ஒவைஸ் நிக்காஹ்வுக்காக ஊருக்கு வந்திருக்கிறான். நீ அனுப்பிய காப்பிக்கொட்டையை அவன் அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். வாசனை தெருமுனை வரைக்கும் போனது. கடிதம் ஒன்றும் இல்லை. மூட்டை கட்டத் தெரிந்த உனக்கு நாலு வரி எழுத நேரமில்லை.

பாத்திரம் வேலை செய்கிறது. போன வாரக் கூட்டத்தில் ஜஹீருன்னிசா டீச்சர் பொறுக்க முடியாமல் ஆரம்பித்துவிட்டார்கள்.

"நானும் நாலு தடவ பிரியாணி குடுத்தனுப்பிட்டேன். நாலு தடவையும் பளபளன்னு தேச்சி வெறும் பாத்திரமா குடுக்குது. ஒரு வாழப்பழம் வெக்கக்கூடாதா? நம்ம வூட்டு சாப்பாடு அவ்ளோ கசக்குதா?"

"அவங்க பழக்கம் அப்டியோ இன்னாவோ" என்றாள் ஒருத்தி.

"போன வருஷம் ஒரு டீச்சர் குடும்பம் வந்துதே நைஜீரியாவுலருந்து, அவங்க வெக்கல? மனசு இருந்தா வழி தெரியும்மா. சும்மா பேஜாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், துரை வீட்டுப் பொறுப்பு என்னுடையதாயிற்றே. நான் வடையைப் பார்த்தேன். வாய் திறந்து ஒரு பொய் சொல்லவில்லை தம்பி, அதைக் குறித்துக்கொள். வாயில் வடை இருந்தது.

அன்றிலிருந்து முறைக்குப் போக யாருக்கும் நேரமில்லை. ஒருத்திக்குப் பேத்திக்குக் காதுகுத்து, ஒருத்திக்குப் பல்வலி. முகூர்த்தமும் இல்லை, மார்கழி. மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. நான் மட்டும் நேற்று எட்டிப்பார்த்தேன், வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க. வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். துணி விரித்து, கப்பும் சாஸரும் எடுத்து வைத்திருந்தாள். துரை வர ராத்திரி ஆகிறதாம்.

"பண்டிகை நேரம், எல்லோருக்கும் வேலை இருக்கும் இல்லையா?" என்று என்னையே கேட்டாள்.

"ஆமாம், வேலைதான்" என்றேன்.

நான் கொண்டுபோன கேக்கை அப்போதே பிரித்து, தட்டைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

காப்பி நன்றாக இருக்கிறது. கொஞ்சம் கசப்பு.

அக்கா,
சவுரி


அடிஸ் அபாபா,
14.1.2025

அன்புள்ள அக்காவுக்கு, பொங்கல் வாழ்த்து. நான் சுகம்.

நவம்பருக்குப் பிறகு உன் கையெழுத்தையே பார்க்கவில்லை. பண்டிகை லீவில் ஊரிலிருந்து யாரும் வரவில்லை, நீ கொடுத்தனுப்பியது யார் பெட்டியில் இருக்கிறதோ. போனில் கேட்கலாமென்றால் நீதான் கூடாது என்றாய். போன ஞாயிறு நீ பேசியபோது ஷர்மிளா குரல்தான் ஜாஸ்தி கேட்டது.

ஒவைஸிடம் கொடுத்ததைப் படித்திருப்பாய். அதில் எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்டதைச் செய்திருப்பாய் என்று நம்புகிறேன்.

தம்பி,
இருதயராஜ்


ஆம்பூர்,
9.2.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் நலம். உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஜெயித்தாகிவிட்டது. சத்தார் பாயே வீடு தேடி வந்து சொன்னார்.

"துரை பேப்பர் போட்டுட்டாரும்மா. மாசக் கடைசியில கெளம்பறாங்க."

"ஏனாம்?" என்று கேட்டேன், முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல்.

"வூட்டுக்காரம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. ஒடம்பு இன்னா ஒடம்பு, மனசு. சாப்புடறதில்ல, அழுவுது. இந்த ஊர்ல யாருக்கும் என்னப் புடிக்கல, நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெரியலன்னு சொல்லுதாம். உங்களப் பத்தி மட்டும் நல்லவிதமா சொல்லுச்சி."

கேட்டாயா? இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நீகூட உன் லைனில் முடித்திருக்க மாட்டாய். ஒரு சிவப்பு அம்பு ஒட்ட இடமில்லை. அவன் உன்னை ஒரே நாளில் வெளியே அனுப்பினான், நான் அவனுக்கு வீடு பார்த்து, கஞ்சி கொடுத்து, மரியாதையாக அனுப்புகிறேன். நம் கோயில் பங்குப் பத்திரிகைக்கு மாதம் ஒரு சிரிப்புத் துணுக்கு எழுதுகிறேனே, இதை எழுத முடியாதது ஒன்றுதான் குறை. மூன்று நாளாகத் தூக்கமில்லை. சந்தோஷத்தில்தான்.

ஒவைஸிடம் என்ன கொடுத்தாய்? காப்பிக்கொட்டையைத் தவிர எதுவும் வரவில்லை. கேட்கலாமென்றால் புது மாப்பிள்ளை பெங்களூரில் மாமியார் வீட்டு விருந்தில் இருக்கிறான். நீ என்ன எழுதியிருப்பாய், விட்டுவிடு என்றுதானே? அதைப் படிக்க எனக்கு அவசரமில்லை.

உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. வெளிர்நீலம். ஷர்மிளா காரணம் கேட்டாள், கரையான் என்றேன்.

அக்கா,
சவுரி


ஆம்பூர்,
4.3.2025

அன்புத் தம்பிக்கு, அக்கா. நலம். நாளைக்குச் சாம்பல் புதன். கோயிலுக்குப் போக வேண்டும். இந்த முறை துணுக்கு ஒன்றும் இல்லை.

அவர்கள் வெள்ளிக்கிழமை போனார்கள். வண்டியில் ஏறுவதற்கு முன் ஹேசல் நம் வீட்டுக்கு வந்தாள். அவளிடம் தங்கிவிட்ட என் பாத்திரங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கஞ்சித் தூக்கு, இரண்டு டப்பா, கிண்ணம். எல்லாம் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி இருந்தன. "நீ சொல்லிக்கொடுத்தபடியே கடைசி வரைக்கும் செய்தேன், சவுரி" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். இளைத்துவிட்டாள், தோள்பட்டை எலும்பு தெரிந்தது. நான் ஒரு வாழைப்பழம் எடுக்க உள்ளே போனேன். வெளியே வருவதற்குள் வண்டி போய்விட்டது.

மறுநாள் நானே கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சத்தார் பாயைக் கூப்பிட்டு உன் விஷயத்தைக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா? துரை உங்க தம்பியத்தான் கேட்டுக்கினே இருந்தாரு. நீங்க அவரப் பத்திச் சொன்னீங்களாமே, கஞ்சி குடுக்க வந்தப்போ. பழைய ரெக்கார்டெல்லாம் எடுத்துப் பாத்தாரு. இந்தாள நிறுத்துனது தப்புன்னு மொதலாளி கிட்டயே சொன்னாரு. ஏப்ரல்ல புது யூனிட் ஆரம்பிக்கறப்போ உங்க தம்பிய வரவழச்சிடலாம்னு பேசி முடிச்சாச்சி. உங்ககிட்ட சர்ப்ரைஸா சொல்லணும்னு அந்தம்மா கேட்டுக்கிச்சாம்."

"இப்ப?"

"அவர நம்பித்தாம்மா அந்த யூனிட்டு. இப்ப அவரும் இல்ல, அதுவும் இல்ல."

பஸ் கிடைக்கவில்லை, நடந்தே வந்தேன். முட்டி வலிக்கவில்லை. ஜஹீருன்னிசா டீச்சரிடம் போய்ப் பாத்திர விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று மூன்று முறை அவர்கள் தெருவரைக்கும் போனேன்.

என்ன இருந்தாலும் உன் சரக்கைத் திருப்பியவன் அவன்தானே. அதை நினைத்துக்கொள்கிறேன். அது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா,
சவுரி


ஆம்பூர்,
12.3.2025

சவுரி ஆன்ட்டிக்கு ஒவைஸ் சலாம். அம்மா கையில் ஒரு கவர் கொடுத்திருக்கிறேன். அடிஸில் கிளம்பும்போது உங்கள் தம்பி கொடுத்தது. குளிருக்குப் போட்டிருந்த ஜெர்கின் உள்பாக்கெட்டில் வைத்தேன். சென்னையில் இறங்கியதும் வெயிலில் கழற்றினேன், பீரோவுக்குள் போய்விட்டது. நாளைக்குத் திரும்பப் போக வேண்டுமே என்று இன்று எடுத்தபோதுதான் கையில் தட்டுப்பட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். துவா செய்யுங்கள்.


அடிஸ் அபாபா,
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு இருதயராஜ் எழுதுவது. நான் நலம். காப்பிக்கொட்டையைக் கறுப்பாக வறுக்காதே.

பாத்திர விஷயம் படித்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. அக்கா, அதைச் செய்யாதே. மேளமும் மிளகாயும் விளையாட்டு, இது விளையாட்டு இல்லை. உனக்கு நான் ஒன்று எழுதியதில்லை. இங்கே வந்த புதிதில் என் கதவை யாரும் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் நானே வெளியே போய் என் கதவைத் தட்டிப் பார்த்தேன், உள்ளே இருந்தால் சத்தம் கேட்குமா என்ற சந்தேகத்தில். எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள் என்று உனக்கு முதன்முதலில் எழுதினது அந்த வாரம்தான். பிறகு கென்யாவிலிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு நர்ஸ் அம்மா தட்டினார்கள். உங்கள் குழு மாதிரியே இங்கேயும் ஒன்று இருக்கிறது. கையில் ஒரு ரொட்டி. அந்த அம்மா வராமல் இருந்திருந்தால் நான் எப்போதோ ஊருக்குத் திரும்பியிருப்பேன், எந்த நிலைமையில் என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போய் அந்த அம்மாவிடம், பாத்திரத்தில் கேக் வைத்துக் கொடு, நான் தெரியாமல் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடு. நீ சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். உன் பேச்சு அப்படி.

எனக்காக இதைச் செய்.

உன் தம்பி,
இருதயராஜ்

பி.கு.: பெயர் கேட்டது சும்மா ஒரு சந்தேகத்துக்குத்தான். காலின் என்று யாரும் என் லைனுக்கு வந்ததில்லை. அன்றைக்குச் சரக்கைத் திருப்பிய கெல்மர் இன்ஸ்பெக்டர் ஒரு பெண்.